கால்வானிக் மின்கலங்களுக்குத் திரவம் ஊட்டும் முறைகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் அமைந்துள்ளது போனக்காடு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த இவ்வூரிலிருந்தே அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் நடைவழி தொடங்குகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின்மேல், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன், 1855ஆம் ஆண்டில் காந்த நோக்குகளுக்கும் வானிலை நோக்குகளுக்குமாக ஒரு நிலையத்தை நிறுவினார். கருவிகளை அடர்ந்த காட்டினூடே மேலே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இத்தகைய இடங்களில் வைக்கப்படும் எந்தக் கருவிக்கும் முதன்மையான தகுதி ஒன்று உண்டு. அடிக்கடி ஒருவர் வந்து பேணாவிடினும் அது தன் வேலையைத் தவறாது செய்துகொண்டிருத்தல் வேண்டும்.

பிரௌன் தம் நிலையத்தை அமைத்த காலத்தில் மின்கலம் இத்தகுதியை இன்னும் முழுமையாக அடையவில்லை. மின்கலம் தோன்றி ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. எவ்வுலோகங்களை இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். எனினும் அவ்வுலோகங்களுக்கிடையே உள்ள திரவத்தை எவ்வாறு இருத்துவது, எவ்வாறு புதுப்பிப்பது, கெட்ட திரவத்தை எவ்வாறு அகற்றுவது என்பனவே தீராத வினாக்களாக இருந்தன. பழைய கால்வானிக் மின்கலத்தின் வரலாறு பெரும்பாலும் இத்திரவத்தைப் பேணிய வரலாறே எனலாம்.

திரவத்தினால் விளையும் நான்கு குறைகள்

துத்தநாகத் தகடும் தாமிரத் தகடும் ஓர் அமிலக் கரைசலில் அமிழ்ந்து நிற்கும் எளிய மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே கம்பியால் இரண்டையும் இணைத்தால், துத்தநாகம் கரைகிறது. தாமிரத் தகட்டின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றுகின்றன. கம்பியில் மின்னோட்டம் செல்கிறது. இங்குத் திரவம் இரு பணிகளைச் செய்கிறது. துத்தநாகத்தைக் கரைக்கும் உணவும் அதுவே. கலத்தினுள் மின்சாரம் செல்லும் பாதையும் அதுவே. இவ்விரு பணிகளும் நான்கு காரணங்களால் தடைப்படும்.

முதலாவது, திரவம் உலர்ந்தோ கசிந்தோ குறைந்துபோதல். இரண்டாவது, அமிலம் செலவாகித் துத்தநாக ஸல்பேட்டு மிகுந்து திரவம் வலுவிழத்தல். மூன்றாவது, மின்னோட்டம் தேவைப்படாத நேரத்திலும் திரவம் துத்தநாகத்தை வீணே அரித்துக்கொண்டிருத்தல். நான்காவது, ஹைட்ரஜன் குமிழிகள் தாமிரத்தைப் போர்த்தி மின்னோட்டத்தைத் தளரச்செய்தல். இந்நான்காவது குறைக்கு முனைவாக்கம் என்று பெயர். பின்வரும் அமைப்புகள் ஒவ்வொன்றும் இந்நான்கில் எதைத் தீர்த்தது, எதை விட்டுவைத்தது என்று நோக்கினால் பாடம் தெளிவாகும்.

ஈர அட்டையிலிருந்து தொட்டிக்கு

இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, 1800ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் மின்னடுக்கை விவரித்தார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை என்ற வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் அது. அடுக்கு உயர உயர, மேலுள்ள வில்லைகளின் பாரம் கீழுள்ள அட்டைகளை நசுக்கிற்று. பிழியப்பட்ட உப்புநீர் தூணின் பக்கங்களில் வழிந்து, மின்சாரத்துக்குத் தவறான குறுக்குவழியை உண்டாக்கியது. எஞ்சிய ஈரமும் விரைவில் உலர்ந்தது. வோல்ட்டாவே இதற்கு மாற்றாகக் கிண்ண வரிசை ஒன்றையும் அதே கடிதத்தில் கூறியிருந்தார். கிண்ணங்களில் உப்புநீரை நிரப்பி, ஒரு கிண்ணத்தின் வெள்ளியை அடுத்த கிண்ணத்தின் துத்தநாகத்தோடு வளைவுக் கம்பியால் இணைப்பது அம்முறை. திரவம் போதிய அளவு கிடைத்தது. ஆனால் அமைப்பு பேரிடத்தை அடைத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் வுல்லிச்சைச் சேர்ந்த குருக்ஷாங்க் இதைச் சுருக்கினார். நீண்ட மரத்தொட்டியின் உட்புறத்தில் காடிகள் வெட்டி, பற்றவைத்த உலோகத் தகட்டு இணைகளை அவற்றில் செருகி மெழுகால் ஒட்டினார். தகடுகளே தொட்டியைப் பல அறைகளாகப் பிரித்தன. ஆயினும் தகடுகளை வெளியே எடுக்க இயலாது. வேலை முடிந்ததும் தொட்டி முழுவதையும் கவிழ்த்தாலன்றி அமிலம் துத்தநாகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஆகவே அடுத்த முன்னேற்றம், தகடுகளைத் திரவத்திலிருந்து பிரிப்பதாயிற்று. ஒரு மரச்சட்டத்தில் தகடுகளைத் தொங்கவிட்டு, வேண்டும்போது பீங்கான் தொட்டிக்குள் இறக்கி, வேண்டாதபோது தூக்கிவிடும் முறை வழக்குக்கு வந்தது. லண்டன் ராயல் நிலையத்தில் ஹம்ப்ரி டேவி கையாண்ட பேரடுக்கு, பீங்கான் அறைகளில் பத்துப்பத்து இணைகள் கொண்ட 200 பகுதிகளால் ஆனது. மொத்தம் 2,000 இணைத் தகடுகள். அவர் 1812இல் வெளியிட்ட நூலின்படி, அதற்குரிய திரவம் 60 பங்கு நீரில் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் ஒரு பங்கு கந்தக அமிலமும் கலந்ததாகும். பிலடெல்பியாவில் ராபர்ட் ஹேர் 1820களில் இதற்கு மாறான வழியைக் கண்டார். தகடுகளை அசைக்காமல் திரவத்தையே அசைத்தார். தொட்டியைக் கால்சுற்றுத் திருப்பினால் அமிலம் முழுவதும் ஒரே கணத்தில் தகடுகளின்மேல் பாயும். எதிர்ப்புறம் திருப்பினால் பக்கத்து அறைக்குள் வடிந்துவிடும்.

மூன்றாவது குறைக்கு மற்றொரு தீர்வும் கிடைத்தது. துத்தநாகத்தின்மேல் பாதரசம் பூசினால், மின்சுற்று திறந்திருக்கும்போது அமிலம் அதனை எளிதில் அரிப்பதில்லை. ஸ்டர்ஜன் 1830இல் இம்முறையைப் பரப்பினார். பாதரசத்தின் நச்சுத்தன்மை இப்போது நன்கு அறியப்பட்டிருத்தலால், பள்ளிகளில் இதைச் செய்துகாட்டுதல் கூடாது.

டேனியலின் வடிகுழாய்

மேற்கூறிய அமைப்புகள் எவையும் வலுவிழத்தலையும் முனைவாக்கத்தையும் தீர்க்கவில்லை. சில நிமிடங்களில் மின்னோட்டம் தளர்ந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பிரெடெரிக் டேனியல் 1836இல் அமைத்த மின்கலமே நிலையான மின்னோட்டத்தை முதன்முதலில் நன்கு வழங்கியது.

டேனியல் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு திரவங்களைப் பயன்படுத்தினார். தாமிரப் பாத்திரத்தில் மயில்துத்தக் கரைசல். நடுவில் மாட்டின் உணவுக்குழல் சவ்வினால் ஆன பையில் நீர்த்த கந்தக அமிலமும் துத்தநாகக் கோலும். மின்னோட்டம் செல்கையில் தாமிரத்தின்மேல் ஹைட்ரஜனுக்குப் பதிலாகத் தாமிரமே படிந்தது. குமிழி இல்லை, ஆகவே முனைவாக்கமும் இல்லை. படியும் தாமிரத்தால் மயில்துத்தக் கரைசல் வலுவிழக்காதவாறு, துளையிட்ட தட்டு ஒன்றில் மயில்துத்தப் பளிங்குகளைக் கரைசலின் மேற்பகுதியில் வைத்தார். கரைசல் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு பளிங்கு தானே கரைந்து ஈடுசெய்தது.

துத்தநாகத்தின் பக்கத்திலும் அவர் அதே கவனத்தைச் செலுத்தினார். துத்தநாக ஸல்பேட்டுக் கரைசல் புதிய அமிலத்தைவிடக் கனமானது. ஆகையால் அடியில் தங்கும். அடியிலிருந்து ஒரு வடிகுழாய் வழியே கெட்ட திரவம் வெளியேற, மேலே புனல் வழியாகப் புதிய அமிலம் துளித்துளியாக விழுமாறு அவர் அமைத்தார். வருவதும் போவதும் சமமாயிருந்தால் கலத்தினுள் திரவத்தின் நிலை மாறுவதில்லை. மின்கலத்துக்கு முறையான திரவ ஊட்டம் அமைந்தது இங்கேதான். சவ்வுக்குப் பதிலாகச் சுட்ட மண்ணாலான நுண்துளைக் குடுவை பின்னர் வழக்குக்கு வந்தது.

பாரமே காவலாதல்

நுண்துளைக் குடுவையிலும் இடர் இருந்தது. துளைகளில் தாமிரம் படிந்து குடுவை வெடித்தது. இதைத் தவிர்க்க முயன்றோர் ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்தினர். நிறைசெறிவுள்ள மயில்துத்தக் கரைசலின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.2, நீர்த்த துத்தநாக ஸல்பேட்டுக் கரைசல் அதைவிட இலேசானது. கனமானதை அடியிலும் இலேசானதை மேலேயும் வைத்தால், குடுவையில்லாமலே இரண்டும் நெடுநேரம் தனித்து நிற்கும். ஜெர்மனியில் மைடிங்கர் 1859இல், மயில்துத்தப் பளிங்கு நிரம்பிய குடுவையைக் கலத்தின்மேல் கவிழ்த்துவைத்தார். கனமான நீலக் கரைசல் அதன் கழுத்து வழியே தேவைக்கேற்பக் கீழே இறங்கியது. பிரான்ஸில் கலோ என்பவர் குடுவையையும் நீக்கி ஈர்ப்புக் கலத்தை அமைத்தார்.

ஈர்ப்புக் கலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்னோட்டம் இடைவிடாது சென்றுகொண்டிருந்தால் நீலக் கரைசல் மேலேறுமுன் செலவாகிவிடும். கலம் சும்மா இருந்தாலோ, நீலம் மெல்ல மேலே பரவித் துத்தநாகத்தை எட்டி, அதன்மேல் கரிய தாமிரப் படிவை உண்டாக்கும். ஓய்வு இக்கலத்தைக் கெடுக்கிறது என்பது மாணவர்க்கு வியப்பூட்டும் செய்தியாகும். எப்போதும் மின்னோட்டம் செல்லும்படி அமைந்த அமெரிக்கத் தந்தி வழிகளுக்கு ஈர்ப்புக் கலம் நன்கு பொருந்தியது இக்காரணத்தினாலேயே.

இந்தியத் தந்தி வழிகளில் மினோட்டோ கலம்

இந்தியாவில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானசி 1839இல் தந்திச் சோதனைகளை நடத்தினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி வழி இயங்கியது. 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த அவ்வழிகள் காடுகளையும் ஆறுகளையும் வறண்ட சமவெளிகளையும் கடந்து சென்றன. இடைநிலையங்களில் மின்கலத்தைப் பேணுவோர் ரசாயனம் கற்றவர் அல்லர். அமிலத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்வதும் இடர் மிக்கது.

இச்சூழலுக்கு ஏற்றதாக அமைந்தது, இத்தாலியரான மினோட்டோ 1860களில் வகுத்த கலம். பாத்திரத்தின் அடியில் தாமிரத் தகடு. அதன்மேல் மயில்துத்தப் பளிங்கு. அதன்மேல் மணலோ மரத்தூளோ ஓர் அடுக்கு. அதன்மேல் துத்தநாகத் தகடு. எல்லாவற்றையும் நனைக்க நீர். இவ்வளவே அதன் அமைப்பு. இந்தியத் தந்தி இலாகா மினோட்டோ கலத்தைப் பரவலாகக் கையாண்டது. மணலும் மரத்தூளும் திரவத்தைத் தளும்பவிடாமல் பிடித்துவைத்தன. நீலக் கரைசல் மேலேறும் வேகத்தையும் குறைத்தன. ஆகவே செய்தி அனுப்பும்போது மட்டும் மின்னோட்டம் தேவைப்படும் வழிகளிலும் இது நெடுநாள் உழைத்தது. அமிலம் தேவையில்லை, நீர் மட்டும் ஊற்றினால் போதும்.

இந்நலத்துக்கு ஈடாக ஒன்றை இழக்கவும் வேண்டியிருந்தது. மணல் அடுக்கினால் கலத்தின் உள்மின்தடை பத்து ஓம் அல்லது அதற்கும் மேலாக உயர்ந்தது. தந்திக் கம்பியின் மின்தடை பல நூறு ஓம் ஆகையால், தந்திக்கு இது பெருங்குறையன்று. பெரிய மின்னோட்டம் வேண்டும் வேலைகளுக்கு இக்கலம் உதவாது.

இதன் உழைப்பைக் கணக்கிட்டும் காட்டலாம். ஒரு ஆம்பியர்-மணி மின்சாரத்துக்கு 1.22 கிராம் துத்தநாகம் கரைகிறது, 1.19 கிராம் தாமிரம் படிகிறது, 4.66 கிராம் மயில்துத்தப் பளிங்கு செலவாகிறது. கலத்தில் 500 கிராம் பளிங்கு இருந்தால், கோட்பாட்டின்படி ஏறக்குறைய 107 ஆம்பியர்-மணி கிடைக்கும். மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், அது 10,700 மணி, அதாவது ஓராண்டுக்கும் மேல் ஆகும். நீலக் கரைசல் மேலே பரவி வீணாவதால் நடைமுறையில் இதனினும் குறைவாகவே கிடைக்கும்.

மலையும் சமவெளியும்

ஒரே கலத்துக்குப் பேணும் முறை இடத்துக்கேற்ப வேறுபடும். வறண்ட சமவெளியில் நீர் விரைந்து ஆவியாகும். துத்தநாக ஸல்பேட்டு செறிந்து, பாத்திரத்தின் விளிம்பில் வெண்பளிங்காகப் படர்ந்து வெளியே இறங்கும். போனக்காடு போன்ற மழைமிக்க மலைப்பகுதியில் ஆவியாதல் குறைவு. ஆனால் விளிம்பில் படர்ந்த உப்பு காற்றின் ஈரத்தால் நனைந்து, ஒரு பாத்திரத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே மின்கசிவை உண்டாக்கும். இரண்டு இடங்களுக்கும் பொதுவான தடுப்பு, விளிம்பில் மெழுகு பூசுவதும், பாத்திரங்களை உலர்ந்த மெழுகுப் பலகைமேல் ஒன்றையொன்று தொடாமல் வைப்பதுமாகும்.

நீரின் அளவைப்போல அதன் செறிவும் கவனித்தற்குரியது. துத்தநாக ஸல்பேட்டு மிகுந்தால் மேலுள்ள திரவம் கீழுள்ளதைவிடக் கனமாகி, பாரத்தின் காவல் நீங்கிவிடும். மேல் திரவத்தின் ஒப்படர்த்தி 1.1ஐ ஒட்டியிருப்பது நன்று. மிகுந்தால் அத்திரவத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மென்னீர் சேர்த்தல் வேண்டும். டேனியலின் வடிகுழாய் செய்த வேலையைக் கைக்கரண்டியால் செய்வதே இது.

வகுப்பில் செய்துகாட்டும் முறை

தோட்டப் பயிர்களுக்குப் போர்டோ கலவை தயாரிக்கும் ஊர்களில் மயில்துத்தம் எளிதில் கிடைக்கும். அகன்ற கண்ணாடிச் சாடி ஒன்றின் அடியில் தாமிரத் தகட்டை வைத்து, உறையிட்ட கம்பியால் அதனை வெளியே இணைக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மயில்துத்தப் பளிங்கைப் பரப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கழுவிய மணல் இட வேண்டும். கிளிஞ்சல் துண்டுகள் கலந்த கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்பு மயில்துத்தத்தோடு வினைப்படும். மணலின்மேல் துத்தநாகத் தகட்டை வைத்து, அது மூழ்குமளவு நீரை மெல்ல ஊற்றுக. சிறிது துத்தநாக ஸல்பேட்டை நீரில் கரைத்துக்கொண்டால் கலம் உடனே இயங்கும். வெறும் நீராயின், இரு முனைகளையும் ஓரிரவு இணைத்துவைத்தால் போதிய உப்பு தானே உண்டாகும். வோல்ட்மானி ஏறக்குறைய 1.1 வோல்ட்டைக் காட்டும்.

ஒப்பிடுவதற்காக, உப்புநீரில் தாமிரமும் துத்தநாகமும் மட்டும் நிற்கும் வேறொரு கலத்தையும் அமைக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரே அளவுள்ள மின்தடையோடும் கால்வானோமானியோடும் இணைத்து, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசியின் நிலையைக் குறித்து வரைபடம் இடுக. உப்புநீர்க் கலத்தின் கோடு விரைவில் தாழ்வதையும், மயில்துத்தக் கலத்தின் கோடு ஏறக்குறைய நேராக நிற்பதையும் மாணவர் கண்ணாலேயே காண்பர்.

கழிவுத் திரவத்தை அகற்றுதல்

மயில்துத்தம் நச்சுப்பொருள். மிகச் சிறிய அளவு தாமிரமும் மீன்களைக் கொல்லும். போனக்காட்டைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் கரமனையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சார்ந்தவை. அவ்வாற்றின் குறுக்கே 1983இல் கட்டிமுடிக்கப்பட்ட பேப்பாறை அணை, திருவனந்தபுரம் நகரத்தின் குடிநீருக்கு ஆதாரமாக உள்ளது. ஆகவே கலத்தின் கழிவை ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டுதல் பெருந்தவறாகும்.

கழிவுத் திரவத்தில் இரும்பாணிகளை இட்டு, நீலநிறம் நீங்கும்வரை சில நாட்கள் வைத்திருக்க வேண்டும். தாமிரம் செந்நிறத் தூளாகப் படியும். பின்னர் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் இரும்பும் துத்தநாகமும் சேறாகத் தங்கும். படிவையும் சேற்றையும் வடித்து, உலர்த்தி, மூடிய கலத்தில் பெயரெழுதி வைத்து, அபாயக் கழிவுகளை ஏற்கும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

இக்காலத்து மின்கலங்களில் அதே விதி

லெக்லான்சே 1866இல் நவச்சாரக் கரைசல் கொண்ட கலத்தை அமைத்தார். 1880களில் கரைசலைப் பசையாக்கி உலர்கலம் செய்யப்பட்டது. வோல்ட்டாவின் ஈர அட்டை ஒருவகையில் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை ஈரம் மூடிக் காக்கப்பட்டது. தந்திச் சேவை 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்பட்டதோடு மினோட்டோ கலத்தின் நினைவும் பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் சூரியமின் அமைப்புகளிலும் கம்பியில்லாத் தொடர்பு நிலையங்களிலும் பயன்படும் திறந்தவகை ஈய-அமிலச் சேமக்கலத்தைப் பேணுவோருக்கு இப்பாடம் இன்றும் தேவைப்படுகிறது.

இச்சேமக்கலத்துக்கு மின்னேற்றும்போது நீர் மட்டுமே ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அமிலம் கலத்திலேயே தங்குகிறது. ஆகவே இழந்த நீரை மட்டுமே ஈடுசெய்தல் வேண்டும். மட்டம் குறைந்ததென்று அமிலம் ஊற்றுவோர் தகடுகளைக் கெடுக்கின்றனர். ஊற்றும் நீர் வாலைவடித்த நீராகவே இருத்தல் வேண்டும். மலையோடை நீர் கண்ணுக்குத் தெளிவாயினும், அதில் இரும்பும் மட்கிய இலைகளின் சாரமும் இருக்கக்கூடும். சமவெளிக் கிணற்று நீரிலோ குளோரைடு மிகுதி. இவை தகடுகளை அரித்தும், ஏற்றிய மின்சாரத்தை உள்ளேயே வீணாக்கியும் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மின்னேற்றம் முடிந்தபின் குறித்த மட்டம்வரை நீரிடுக. தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்குமளவு மட்டும் முன்னதாகவே ஊற்றுக. அறையில் காற்றோட்டம் வேண்டும். நெருப்பு அருகில் ஆகாது.

டேனியலின் புனலும் வடிகுழாயும் புதிய வடிவிலும் தோன்றியுள்ளன. 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழுவினர் வளர்த்த வனேடியம் பாய்வு மின்கலத்தில், இரு திரவங்கள் தனித்தனித் தொட்டிகளில் நிறைந்து, குழாய் வழியே மின்கலத்தினூடே ஓடித் திரும்புகின்றன. தொட்டியைப் பெரிதாக்கினால் சேமிக்கும் மின்சாரமும் பெருகும்.

பயிற்சி வினாக்கள்

1. வோல்ட்டாவின் அடுக்கில் உயரம் கூடுவது ஏன் தீமையாயிற்று?

2. டேனியல் கலத்தில் தாமிரத்தின் பக்கமும் துத்தநாகத்தின் பக்கமும் திரவம் எவ்வாறு புதுப்பிக்கப்பட்டது?

3. ஈர்ப்புக் கலம் ஓய்விலிருக்கும்போது கெடுவதேன்? மணல் அடுக்கு அதனை எவ்வாறு குறைக்கிறது?

4. 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 500 மணி நேரம் சென்றால் எவ்வளவு மயில்துத்தம் செலவாகும்?

5. ஈய-அமிலச் சேமக்கலத்தில் மட்டம் குறைந்தால் அமிலம் ஊற்றாமல் நீர் ஊற்றுவதன் காரணம் யாது?